ஏழாம் அத்தியாயம்: அம்பாஸடர் எஞ்சினின் உள்ளுறுப்புகளை மாற்றுதலும் மேம்படுத்துதலும்

எஞ்சினைப் பிரித்துக் கழுவி, உறுப்புகளைப் பலகைமேல் வரிசையாக வைத்தாயிற்று. இவ்வளவு செலவுக்குத் துணிந்த பிறகு பழைய மாதிரி உறுப்பையே திரும்பவும் வாங்கிப் போடுவானேன், இன்னும் சற்று அதிக சக்தி தரக்கூடியதாகப் பார்த்துப் போட்டால் என்ன என்ற ஆசை இந்தக் கட்டத்தில் பெரும்பாலோருக்கு எழுவது சகஜம். எஞ்சினை முழுமையாகத் திறக்கும் சந்தர்ப்பம் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையே வாய்க்கிறதாகையால் அது நியாயமான ஆசையுங்கூட. ஆனால் எஞ்சினுக்குள் இருக்கும் ஒவ்வோர் உறுப்பும் தன் அண்டை உறுப்பின் அளவையும் எடையையும் அனுசரித்தே அமைக்கப்பட்டிருப்பதால், ஒன்றை மாற்ற நினைக்கிறவர் அதன் நிமித்தம் வேறு எவற்றை மாற்ற வேண்டிவரும் என்பதையும் கடைக்குப் போகுமுன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் பெரும்பாலும் அந்தக் கணக்கைப் பற்றியது.

உதாரணத்துக்கு 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். அது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. 1953-இல் வெளிவந்த எம்.ஜி. மாக்னெட்டிலும், 1954-இல் வந்த இரண்டாம் வரிசை மாரிஸ் ஆக்ஸ்போர்டிலும் இடம்பெற்ற இந்த எஞ்சின், 1955-இல் எம்.ஜி.ஏ. என்ற பந்தயச் சாயல் கொண்ட காருக்குள் புகுந்து, 1959-இல் 1588 சி.சி.யாகவும், 1961-இல் 1622 சி.சி.யாகவும், 1962-இல் எம்.ஜி.பி. காருக்காக 1798 சி.சி.யாகவும் வளர்ந்தது. இத்தனை வளர்ச்சியிலும் ஸ்ட்ரோக் 88.9 மில்லிமீட்டராகவே நிலைத்திருக்க, போர் மட்டும் ஏறக்குறைய 73-லிருந்து 75.4, 76.2, 80.3 மில்லிமீட்டர் எனப் படிப்படியாகப் பெருத்தது. உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் பழைய 1489 சி.சி. அளவையே விடாது பல ஆண்டுகள் வார்த்துவந்தார்கள். 2014 மே மாதத்தோடு அம்பாஸடர் உற்பத்தியே நின்றுபோன போதிலும், அந்த எஞ்சினுக்கு வேண்டிய பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் இன்னும் கடைகளில் கிடைத்துவருகின்றன.

ஒரே குடும்பம், ஒரே ஸ்ட்ரோக் என்பதால், எம்.ஜி.பி.யின் கிராங்க்கையும் பிஸ்டனையும் தருவித்து அம்பாஸடர் பிளாக்கில் போட்டுவிடலாம் என்று எண்ணுவது பலருக்கும் நேரும் மயக்கம். 1964 அக்டோபர் முதல் வந்த எம்.ஜி.பி. எஞ்சின்களில் கிராங்க்கை ஐந்து மெயின் பேரிங்குகள் தாங்குகின்றன. நம்முடைய பிளாக்கில் இருப்பவை மூன்றுதான். இல்லாத இரண்டு தாங்கு இடங்களை எந்த லேத்துப் பட்டறையும் உண்டாக்கித் தர இயலாது. அவ்வாறே 73 மில்லிமீட்டர் போரைக் கடைந்து 80 ஆக்குவதும் நடவாத காரியம், 1798 சி.சி. பிளாக்கின் வார்ப்பே வேறு, நம்முடையதில் அந்த அளவுக்குச் சுவர் கனம் கிடையாது. பிளாக்கையே மாற்றி வேறு எஞ்சினை இறக்குவதானால் அது உள்ளுறுப்பு மாற்றமாகாது. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் எண்ணை மாற்றிக்கொள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதியும் அதற்கு வேண்டும். பின்னாளில் கம்பெனியாரே பொருத்திய 1.8 லிட்டர் இஸுஸு எஞ்சினைப் பற்றிய விசாரமும் அந்த வகையைச் சேர்ந்ததே.

ஆகவே நமக்கு மிஞ்சுவது நம் பிளாக், நம் கிராங்க். இவற்றை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதும் சொற்பமன்று. அதற்கு முதற்படி அளவெடுத்தல். சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே உள்பக்கமாக விரல் நகத்தை வைத்து மெல்ல மேலே இழுத்துப் பாருங்கள். மேல் ரிங் எட்டாத இடத்தில் தேயாமல் நின்ற இரும்பு ஒரு படியாக எழும்பி நகத்தைத் தடுக்கும். அந்தப் படி இருக்க, ரிங்கை மட்டும் புதிதாக மாற்றி எஞ்சினைப் பூட்டினால், பழைய ரிங்கின் தேய்ந்த விளிம்பு தாண்டிப் போய்வந்த அந்த இடத்தில் புது ரிங்கின் கூரிய விளிம்பு முட்டி உடையும். செலவைக் குறைப்பதாக எண்ணி இப்படி 'ரிங் மட்டும்' மாற்றப்பட்ட எஞ்சின்கள் சீக்கிரமே புகைவிட்டுக்கொண்டு திரும்பி வருவதற்கு இதுவே முக்கியமான காரணங்களில் ஒன்று. போர் கேஜை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாகவும் வைத்து அளந்து, தேய்மானம் அனுமதிக்கப்பட்ட எல்லையைக் கடந்திருந்தால் ரீபோர் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ரீபோர் செய்வதானாலும், பழுதை நீக்கப் போதுமான மிகச் சிறிய அளவிலேயே நிறுத்திக்கொள்வது உத்தமம். இருபது சைஸ், அதாவது 0.020 அங்குலம் கூடுதலான பிஸ்டன் போதுமென்றிருக்க, சக்தி கூடும் என்ற எண்ணத்தில் நாற்பது சைஸுக்குக் கடையச் சொல்கிறவர்களும் உண்டு. நாற்பது சைஸ் ஏற்றினால் போர் 74.04 மில்லிமீட்டராகி, மொத்தக் கொள்ளளவு 1489-லிருந்து சுமார் 1531 சி.சி. ஆகிறது. இது நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவான லாபம், ஓட்டுகிறவர் உணரமாட்டார். இதற்காக அடுத்த ரீபோருக்கு இருந்த இரும்பையெல்லாம் லேத்துத் தூளாக்கிவிடுவது புத்திசாலித்தனமாகாது.

ஆனால் போர் பெருக்கும்போது கம்ப்ரெஷனும் தானாகவே உயரும் என்பதை அநேகர் கவனிப்பதில்லை. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி.; பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மேலே மிஞ்சும் இடம் 51 சி.சி. என்று வைத்துக்கொண்டால், விகிதம் 8.3-க்கு 1. அதே ஹெட்டை வைத்துக்கொண்டு நாற்பது சைஸ் பிஸ்டன் ஏற்றினால் கொள்ளளவு 383 ஆகி, விகிதம் 8.5-ஐத் தொடும். இதோடு, ஹெட்டின் முகம் கோணியிருக்கிறதென்று அதையும் பட்டறையில் ஒருமுறை மழித்திருந்தால், எரி அறை இன்னும் சுருங்கி, மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் சுத்தியல் தட்டுவதுபோன்ற 'நாக்கிங்' ஓசை கேட்கத் தொடங்கும். ஆகவே ஹெட்டைப் பட்டறையிலிருந்து வாங்கியதும் எரி அறைகளின் கொள்ளளவை அளந்து பார்த்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்கைப் பூட்டி, வால்வுகளை அமர்த்தி, ஹெட்டை மல்லாத்திச் சமமட்டமாக வைத்து, எரி அறையின் விளிம்பில் சிறிது கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, பியூரெட்டிலிருந்து மெல்லிய எண்ணெயை நிரப்பினால் அளவு தெரிந்துபோகும். நான்கு அறைகளுக்குமிடையே வித்தியாசம் இருந்தால், சிறிய அறையைச் சற்றே அராவிப் பெரியதற்குச் சமமாக்கலாம். ஒரு பகல் வேலைதான். ஆனால் எஞ்சின் ஐடிலில் நிதானமாக ஓடுவதற்கு இதைவிட மலிவான உபாயம் எனக்குத் தெரிந்து இல்லை.

கிராங்க்குக்கு வருவோம். அதன் ஜர்னல்களை மைக்ரோமீட்டரால் அளந்து, முட்டை வடிவமாகவோ கூம்பாகவோ தேய்ந்திருந்தால் 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் என்ற படிகளில் அரைத்து, அந்தந்தப் படிக்குரிய பேரிங் ஷெல்லைப் போட வேண்டும். அரைக்கக் கொடுக்கும்போது ஜர்னலின் இரு ஓரங்களிலும் உள்ள வளைந்த மூலையை அதே வளைவோடு விடும்படி வற்புறுத்திச் சொல்லுங்கள். மூலை கூர்மையாகிவிட்டால் கிராங்க் முறியும் கீறல் அங்கேதான் பிறக்கும். அரைத்து வந்த கிராங்க்கின் எண்ணெய்த் துவாரங்களில் கம்பித் தூரிகை விட்டு, மண்ணெண்ணெய் பீய்ச்சிக் கழுவாமல் பூட்டினால், உள்ளே தங்கிய அரைப்புத் தூள் புது ஷெல்லைப் பதம் பார்த்துவிடும். முன்னும் பின்னுமான கிராங்க்கின் ஆட்டத்தை நடு மெயின் பேரிங்கிலுள்ள த்ரஸ்ட் வாஷர்களைக் கொண்டு 0.002 முதல் 0.003 அங்குலத்துக்குள் அமைத்துக்கொள்ளவும்.

மூன்று பேரிங் கிராங்க்கின் சுபாவம் ஒன்று உண்டு. தாங்கலுக்கும் தாங்கலுக்கும் இடையே நீளம் அதிகமாகையால், சுழற்சி வேகம் கூடக் கூட அது வில்லாக வளைய முற்படுகிறது. உறுப்புகளின் எடையால் உண்டாகும் இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், நிமிஷத்துக்கு 4000 சுற்றிலிருந்து 5000-க்குப் போனால் அந்த விசை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். எனவே இந்த எஞ்சினில் பணம் செலவழிக்கத்தக்க முதல் மேம்பாடு எது என்று என்னைக் கேட்டால், பேலன்ஸிங் என்றே சொல்வேன். நான்கு பிஸ்டன்களையும் அவற்றின் பின்களோடு தராசில் வைத்து எடையைச் சமமாக்கி, கனெக்டிங் ராடுகளைப் பெரிய முனை வேறாகவும் சிறிய முனை வேறாகவும் நிறுத்துச் சமப்படுத்தி, கிராங்க், ஃப்ளைவீல், கிளட்ச் கவர் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சுழற்றி எந்திரத்தில் பேலன்ஸ் செய்துவிட்டால், குதிரைச் சக்தி கூடாவிட்டாலும், ஸ்டியரிங்கில் கைக்கு வந்து எட்டும் அதிர்வு குறைந்து, பேரிங்குகளின் ஆயுள் நீளும்.

ராடுகளின் விஷயத்தில் இந்த எஞ்சினுக்கே உரிய சூட்சுமம் ஒன்று இருக்கிறது. பெரிய முனை நேர்குறுக்காகப் பிளவாமல் சாய்வாகப் பிளக்கப்பட்டிருக்கிறது. சிலிண்டர் வழியாக மேலே இழுக்க வேண்டுமென்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். சிறிய முனையோ பிஸ்டன் பின்னைப் பிடிப்பதற்கு ஓர் இறுக்குப் போல்ட்டை உடையது. அந்தப் போல்ட்டைத் தளர்த்தும்போதும் முறுக்கும்போதும் ராடை வைஸில் பிடிக்கவே கூடாது; ராடு முறுக்கிக்கொண்டு, பிஸ்டன் சிலிண்டருக்குள் ஒருக்களித்து ஓடும். பின்னின் இரு துளைகளிலும் பொருந்தும் முளைகளைச் செருகி, அந்த முளைகளையே வைஸில் பிடித்து முறுக்க வேண்டும். பெரிய முனைப் போல்ட்டுகளையும் அவற்றின் பூட்டுத் தகடுகளையும் எத்தனை நன்றாகத் தோன்றினாலும் திரும்ப உபயோகிக்கலாகாது. ஒருமுறை இழுபட்ட போல்ட் ஓடும் எஞ்சினில் அறுந்தால் ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அப்புறம் புதுப்பிக்க எஞ்சினே இராது.

இனி ஹெட். மேம்பாட்டுக்கு உண்மையான இடம் இந்த எஞ்சினில் இதுதான். ஹாரி வெஸ்லேக் வகுத்த இதய வடிவ எரி அறை இதன் பெருமை. துளைகளின் அமைப்பு இதன் சங்கடம். நான்கு சிலிண்டர்களுக்கும் காற்றும் பெட்ரோலும் புகும் துளைகள் இரண்டே. கழிவு போகும் துளைகள் மூன்று, நடுவிலுள்ளது இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களுக்குப் பொது. எரியும் வரிசை 1, 3, 4, 2 ஆகையால், இரண்டாம் சிலிண்டர் உறிஞ்சியவுடனே அதே துளையிலிருந்து முதல் சிலிண்டர் உறிஞ்சத் தொடங்குகிறது. அவ்வாறே மூன்றை அடுத்து நான்கு. ஒரே கிணற்றில் இருவர் அடுத்தடுத்து இறைத்துவிட்டு நீர் ஊற நெடுநேரம் விடுவதுபோல, இந்தப் பங்கீடு ஒருபோதும் சமமாக அமைவதில்லை. ஹெட்டில் நாம் செய்யும் வேலை எதுவானாலும் இந்தச் சமமின்மையைக் கூட்டாதிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

துளைகளைப் பெரிதாக்குவதைக் காட்டிலும் வழவழப்பாக்குவதும், வால்வின் கீழே காற்று திரும்பும் வளைவில் உள்ள வார்ப்புப் பிசிறுகளை அராவி எடுப்பதும், கேஸ்கெட்டின் துளையும் மானிஃபோல்டின் துளையும் ஹெட்டின் துளையும் ஒன்றோடொன்று விளிம்பு தப்பாமல் பொருந்தச் செய்வதும் அதிகப் பலன் தருவன. வால்வு அமரும் வளையத்தை 45 பாகைக்கு வெட்டி, அதன் மேலும் கீழும் வேறு கோணங்களில் இன்னும் இரு வெட்டுகள் கொடுத்தால், அமரும் முகம் குறுகித் தெளிவாவதோடு காற்றும் தங்குதடையின்றிச் செல்லும். பெரிய வால்வு போட விரும்புகிறவர்கள் 73 மில்லிமீட்டர் போரின் விளிம்பை மறந்துவிடலாகாது. பெரிய போருக்கென்று செய்த எம்.ஜி.பி. ஹெட்டை அப்படியே கொண்டுவந்து இதன்மேல் வைத்தால், வால்வின் ஓரம் பிளாக்கின் முகத்தில் முட்டக்கூடும். தவிர, அதன் எரி அறை பெரியதாகையால் கம்ப்ரெஷன் விழுந்துவிடும். எந்த வால்வை மாற்றினாலும், பிஸ்டன் தலைமேலும் பிளாக்கின் விளிம்பிலும் சிறுவர்கள் விளையாடும் மெழுகுக் களியை ஒட்டி, ஹெட்டைப் பழைய கேஸ்கெட்டோடு இறுக்கி, கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றி, களியில் பதிந்த தடத்தின் கனத்தைக் கத்தியால் வெட்டி அளந்து பாருங்கள். இடைவெளி போதுமா என்பதைக் களியே காட்டிவிடும். யூகத்துக்கு அங்கே இடமில்லை.

ஹெட்டில் சக்திக்காக அல்லாமல் ஆயுளுக்காகவே செய்ய வேண்டிய மாற்றம் ஒன்று உண்டு. இந்த எஞ்சின் வகுக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அந்த ஈயமே எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. 2000 பிப்ரவரி முதல் இந்தியா முழுவதும் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. அதனால், வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்ட பழைய இருக்கைகளில் எக்ஸாஸ்ட் வால்வு சிறிது சிறிதாக உள்ளே புதைகிறது. டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்த சில நாட்களுக்கெல்லாம் அது மீண்டும் மீண்டும் குறுகிக்கொண்டே போனால், இதுதான் நடக்கிறதென்று தெரிந்துகொள்ளலாம். ஹெட் பட்டறைக்குப் போகும் இந்தச் சமயத்திலேயே நான்கு எக்ஸாஸ்ட் இருக்கைகளையும் கடைந்தெடுத்து, கடினமாக்கப்பட்ட எஃகு வளையங்களை அழுத்திப் பதித்துவிட வேண்டும். இன்லெட் பக்கம் புதிய கலவையால் குளிர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே அவசியமில்லை. கையிலிருக்கும் பணம் ஒரே ஒரு மேம்பாட்டுக்குத்தான் போதும் என்றால், பேலன்ஸிங்கையும் ஒத்திவைத்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

கேம்ஷாஃப்டைப் பற்றி நான் கொண்டிருக்கும் அபிப்பிராயம் சற்றுக் கண்டிப்பானது. வால்வை நெடுநேரம் திறந்துவைக்கும் பந்தயக் கேம், மேல் வேகத்தில் சக்தியைக் கூட்டுவது மெய். ஆனால் இரண்டு சிலிண்டருக்கு ஒரே துளை என்ற அமைப்பில், ஒன்று உறிஞ்சி முடியுமுன் மற்றொன்று தொடங்கிவிடும் நேரத்தை அது நீட்டி, பங்கீட்டை இன்னும் கெடுக்கிறது. ஐடில் தடுமாறும், இரண்டாம் கியரில் நகர நெரிசலில் ஊரும்போது வண்டி குலுங்கும், மூன்று பேரிங் கிராங்க் விரும்பாத வேகத்துக்குப் போனால்தான் அந்தக் கேமின் பலன் கிட்டும். கனத்த உடலும் நால்வர் குடும்பமும் மூட்டைகளுமாகப் போகும் இந்தக் காருக்குத் தாழ்ந்த வேகத்தில் கிடைக்கும் இழுவைச் சக்திதான் வேண்டும். ஆகையால் அசல் வடிவிலேயே புதிய கேமைப் போடுவது நல்லது. கேம் பழையதாகவோ புதியதாகவோ இருக்கலாம். ஆனால் புதிய கேமுக்குப் பழைய டேப்பெட்டைப் போடுவது மட்டும் கூடாது. பழைய டேப்பெட்டின் அடிமுகம் பழைய கேமுக்கேற்பத் தேய்ந்திருப்பதால், புதிய கேமின் முனையை வெகு சீக்கிரத்தில் சுரண்டித் தட்டையாக்கிவிடும்.

பழைய உறுப்புகளைத் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் மைக்ரோமீட்டரையும் கையோடு எடுத்துச் செல்லவும். அங்கே நல்ல கிராங்க்கும் ஹெட்டும் கிடைக்காமலில்லை. ஆனால் நாற்பது சைஸ்வரை அரைக்கப்பட்ட கிராங்க்குக்கு அடுத்த அரைப்பு இல்லை, பலமுறை மழிக்கப்பட்ட ஹெட்டுக்குக் கனம் இல்லை. விலை பேசுமுன் அளந்துவிடுங்கள்.

பூட்டும்போது ரிங்குகளை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனைத் தலைகீழாகக் கொண்டு சமமாகக் கீழே தள்ளி, இரு முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள், 0.008 முதல் 0.013 அங்குலம் வரை இருக்கலாம். குறைவாக இருந்தால் முனையை அரத்தில் தேய்க்க வேண்டும். பின்பக்கம் கிராங்க்குக்கு ரப்பர் ஆயில் சீல் கிடையாது. எண்ணெயைத் திரும்ப உள்ளே தள்ளும் மரைபோன்ற வரிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. கிளட்ச் பக்கம் ஆயில் ஒழுகுவதற்குப் பல சமயங்களில் தேய்ந்த ரிங் வழியே அறைக்குள் இறங்கிய வாயுவின் அழுத்தமே காரணமாதலால், ரிங்கும் போரும் சரியானதும் அந்தக் கசிவு பெரும்பாலும் தானே அடங்கும். ஹெட்டை இறுக்கும் பதினொரு நட்டுகளில் நான்கு ராக்கர் தாங்கிகளையும் பிடித்திருக்கின்றன. ஆகவே பிற்பாடு ராக்கரை மட்டும் கழற்ற நேர்ந்தாலும், ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டு, பதினொன்றையும் சேர்த்தே தளர்த்த வேண்டும். நான்கை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணி, நீர் சிலிண்டருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் இறங்கும். இறுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்புறமாக, டார்க் ரெஞ்சால், மூன்று படிகளில் இறுக்குங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கேஜில் ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் சுழற்றவும். கேமும் டேப்பெட்டும் புதியவையானால், எஞ்சின் பிடித்தவுடன் ஐடிலில் விடாமல் 2000 சுற்றுக்கு ஏற்றி, சுமார் இருபது நிமிஷம் அப்படியே ஓடவிட வேண்டும். அந்த வேகத்தில்தான் கேம் முனைகளுக்குப் போதிய ஆயில் தெறிக்கும். இக்காலத்து ஆயில்கள் பலவற்றில், புதிய கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காகத் துத்தநாகமும் பாஸ்பரஸும் குறைக்கப்பட்டிருப்பதால், பழைய எஞ்சின்களுக்கென்று அவற்றைக் கூடுதலாகச் சேர்த்த ஆயிலைக் கேட்டு வாங்குங்கள். பிறகு வண்டியைச் சாலையில் இறக்கி, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், மிதமான பாரத்தோடு வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால் ரிங்குகள் சிலிண்டரோடு ஒத்துப்போகும். முதல் 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, எஞ்சின் ஆறியபின் ஹெட் நட்டுகளை அதே வரிசையில் மறுபடி இறுக்கி, அதன் பின்னரே டேப்பெட் இடைவெளிகளைச் சரிபார்க்க வேண்டும். ஹெட் சற்று அமர்ந்திருக்குமாதலால் அந்த இடைவெளிகள் முன்பு வைத்தபடி இரா.